மண்ணுக்குள் உறங்கும் மணிக்கூடு

ஜேர்மனியில் வாழும் நம்மவர்களுக்கு இது பழகிப்போன விடயம். எங்கோ ஒரு கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டுகிறார்கள். மண்வாரி இயந்திரத்தின் பல் ஓர் இரும்பில் இடறுகிறது. வேலை நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் உள்ளவர்கள் எல்லோரும் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கி பூட்டிய வாகனம் தெருத்தெருவாக அறிவித்துக்கொண்டு போகிறது. அடையாள அட்டை, மருந்து, பிள்ளைக்கு ஒரு போர்வை. பாடசாலை மண்டபத்தில் தேநீர் கொடுக்கிறார்கள். மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுவது எப்படி என்று நமக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

2011 டிசம்பரில் கொப்லென்ஸ் நகரில் றைன் நதியின் நீர் வற்றியபோது 1.8 தொன் எடையுள்ள பிரித்தானியக் குண்டு ஒன்று தலைகாட்டியது. 45,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 2016 நத்தார் தினத்தன்று அவுக்ஸ்பேர்க்கில் 54,000 பேர். 2017 செப்டெம்பரில் பிராங்பேர்ட்டில் 60,000-க்கும் அதிகமானோர். வைத்தியசாலை நோயாளர்களையும் கட்டிலோடு இடம்மாற்ற வேண்டியிருந்தது. மகாயுத்தம் முடிந்தது 1945 மே மாதத்தில். இந்தக் குண்டுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை என்ற கேள்விக்கான பதில் குண்டின் வயிற்றில் இல்லை. வயிற்றில் இருக்கும் வெடிமருந்து பெரும்பாலும் சாதுவானது. குண்டுத் தொழிற்சாலைகளில் அதை மெழுகு போல உருக்கி வார்த்தார்கள். அதை எழுப்புவதற்கென்று, கைக்குள் அடங்கும் ஒரு சிறு பொறி குண்டின் மூக்கிலோ வாலிலோ பக்கவாட்டிலோ பொருத்தப்பட்டிருக்கும். அதைத்தான் பியூஸ் என்கிறார்கள். நம் ஊரில் பியூஸ் என்றால் மின்சாரப் பெட்டியில் உருகிப்போகும் கம்பி. அது உருகுதல் என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லின் வழிவந்தது. குண்டின் பியூஸ் வேறு வழி வந்தது. நூல் நூற்கும் கதிருக்கு இலத்தீனில் உள்ள பெயரே அதன் மூலம். பழைய குண்டுகளில் செருகிய மரக்குழாய் கதிரைப் போன்ற வடிவில் இருந்ததே காரணம். குண்டு யாரைக் கொல்லும், எப்போது கொல்லும் என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சிறு பொறிதான். ஆகவே யுத்தங்களின் சரித்திரத்தை இதன் பக்கமாக நின்று பார்ப்பதும் பயனுள்ளது.

*

நம் கோயில் திருவிழாக்களில் வெடி கொளுத்துகிறவருக்குத் தெரிந்த கணக்குத்தான் ஆரம்பம். திரியின் நீளம் எவ்வளவோ, கொளுத்தியவர் ஓடுவதற்கு அவ்வளவு நேரம். ஐரோப்பியப் பீரங்கிப்படையினர் மரக்குழாயில் வெடிமருந்துப் பொடியை இடித்து நிரப்பி, தூரத்துக்கு ஏற்றபடி அதை நறுக்கிக் குண்டில் செருகினார்கள். கணக்குப் பிழைத்தால் குண்டு சொந்தக்காரன் தலைக்கு மேலேயே வெடிக்கும். அல்லது எதிரியின் காலடியில் புகைந்துகொண்டு கிடக்கும்.

இந்தக் கணக்கு துல்லியமாகத் துல்லியமாகச் சாவும் பெருகியது. ஹென்றி ஷ்ரப்னெல் என்ற பிரித்தானியப் பீரங்கி அதிகாரி, கோளக் குண்டுக்குள் ஈயச் சன்னங்களை நிறைத்து, எதிரியின் தலைக்கு மேல் ஆகாயத்தில் வெடிக்கச் செய்தார். 1803-இல் பிரித்தானிய இராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. குண்டுச் சிதறலுக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அந்த மனிதருடைய குடும்பப் பெயர். 1807-இல் அலெக்சாண்டர் போர்சைத் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், அடித்தால் தீப்பற்றும் இரசத்தூளைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு வேண்டியிருந்தது பறவை வேட்டைக்கு ஒரு நல்ல துப்பாக்கி. ஆனால் நெருப்பில்லாமல், வெறும் அடியால் மூட்டலாம் என்ற அந்த அறிவிலிருந்துதான், மண்ணில் மோதியவுடன் வெடிக்கும் ஷெல்லுக்கும் வழி பிறந்தது.

முதலாம் மகாயுத்தத்தில் பியூஸ் ஒரு பெரும் வியாபாரம். யுத்தத்துக்கு முன்பே, ஜேர்மனியின் குருப் நிறுவனத்தின் நேரப் பியூஸ் காப்புரிமையை பிரித்தானியாவின் விக்கர்ஸ் நிறுவனம் வாடகைக்கு வாங்கியிருந்தது. ஒரு பியூஸுக்கு ஒரு ஷிலிங் மூன்று பென்ஸ் பங்கு. யுத்தம் மூண்டதும் கொடுப்பனவு நின்றது. பியூஸ் உற்பத்தி நிற்கவில்லை. யுத்தம் முடிந்தபின் குருப் தன் பங்கைக் கேட்டு வழக்குக்குப் போனது. 1926-இல் 40,000 பவுணுக்குச் சமரசமானார்கள். ஜேர்மன் சிப்பாய்களின் தலைக்கு மேல் வெடித்த பியூஸ்களுக்கு ஜேர்மன் நிறுவனம் கூலி பெற்றுக்கொண்டது. தாய்நாட்டுக்காகச் செத்தவர்களின் கல்லறைகளில் இந்தக் கணக்கு எழுதப்படவில்லை.

1916 ஜூன் 24 முதல் ஒரு வாரம், பிரான்ஸின் சொம் நதிப் பிரதேசத்தில் பிரித்தானியப் பீரங்கிகள் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஷெல்களை ஏவின. அவசர உற்பத்தியின் விளைவாகப் பெரும் பங்கு வெடிக்கவேயில்லை. வெடித்தவற்றிலும் பல, பியூஸ் தாமதித்ததால் மண்ணுக்குள் புதைந்த பிறகே வெடித்தன. எதிரியின் முட்கம்பி அறுபடவில்லை. ஜூலை முதலாம் திகதி காலை அந்தக் கம்பியை நோக்கி நடந்தவர்களில் ஏறக்குறைய 20,000 பேர் ஒரே நாளில் இறந்தார்கள். கம்பியைத் தொட்ட கணத்திலேயே வெடிக்கும் 106-ஆம் இலக்கப் பியூஸ் அதற்குப் பிறகுதான் பரவலாகப் பாவனைக்கு வந்தது.

வெடிக்காதவை எங்கே போயின? எங்கும் போகவில்லை. பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் ஒவ்வோராண்டும் உழவு தொடங்கும்போது அவை மேலே வருகின்றன. விவசாயிகள் அவற்றை வரப்போரம் எடுத்து வைக்கிறார்கள்; படையினர் வந்து ஏற்றிச் செல்கிறார்கள். இரும்பு அறுவடை என்று அதற்குப் பெயர். 2014 மார்ச்சில், அந்த யுத்தம் தொடங்கி நூறாண்டு ஆகும் தறுவாயில், ஈப்பர் நகரின் கட்டட வேலைத்தலம் ஒன்றில் பழைய ஷெல் வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள்.

*

இதுவரை சொன்னவை வெடிக்கத் தவறியவை. வேண்டுமென்றே காத்திருக்கும்படி செய்யப்பட்டவை இரண்டாம் மகாயுத்தத்தில் பெருகின.

ஜேர்மனியின் ரைன்மெற்றால் நிறுவனத்தில் ஹேர்பேர்ட் ரூலெமான் என்ற பொறியியலாளர் மின்சாரத்தால் இயங்கும் பியூஸை உருவாக்கினார். குண்டு விமானத்தை விட்டு விழும் தருணத்தில் விமானத்திலிருந்து ஒரு சிறு மின்னேற்றம் பியூஸுக்குள் இருக்கும் கொள்ளளவிக்குப் போகும். அதற்கு முன் குண்டு செத்த இரும்பு. அதற்குப் பின் உயிருள்ளது. பியூஸின் தலையில் வட்டத்துக்குள் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். 15 என்றால் விழுந்ததும் வெடிப்பது. 17 என்றால் உள்ளே ஒரு மணிக்கூடு. 72 மணித்தியாலம் வரை ஓடும். 50 என்றால் அசைத்தால் வெடிப்பது.

மணிக்கூடு வைத்ததன் நோக்கத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். விழுந்ததும் வெடிக்கும் குண்டு அங்கே அப்போது இருப்பவரைக் கொல்கிறது. 17-ஆம் இலக்கம், சைரன் அடங்கியபின் வீடு திரும்புகிறவரையும் தீ அணைக்க வருகிறவரையும் இடிபாட்டில் பிள்ளையைத் தேடுகிற தாயையும் எண்ணிச் செய்யப்பட்டது. வெடிக்காமல் கிடக்கும் ஒரே குண்டு ஒரு தெருவையும் ஒரு புகையிரதப் பாதையையும் நாட்கணக்கில் மூடிவிடும்.

1940 செப்டெம்பர் 12-ஆம் திகதி இலண்டன் சென்ற் போல்ஸ் தேவாலயத்தின் அருகே விழுந்த குண்டு வெடிக்காமல் மண்ணுக்குள் போனது. லெப்ரினன்ற் றொபேட் டேவிஸும் சப்பர் ஜோர்ஜ் வைலியும் அவர்களுடைய ஆட்களும் மூன்று நாள் தோண்டி அதை வெளியே எடுத்தார்கள். டேவிஸ் அதை லொறியில் ஏற்றித் தானே ஹக்னி சதுப்பு நிலத்துக்கு ஓட்டிச் சென்றார். அங்கே அது வெடிக்கவைக்கப்பட்டது. அந்த மாதம் புதிதாக ஏற்படுத்தப்பட்ட ஜோர்ஜ் சிலுவை விருது அந்த இருவருக்கும் கிடைத்தது.

குண்டைச் செயலிழக்கச் செய்பவர்கள் ஒன்றைக் கற்றுக்கொள்ள, பியூஸ் செய்பவர்கள் அடுத்ததைச் செய்தார்கள். மணிக்கூட்டின் ஓசையைக் கேட்பதற்கு இலண்டன்காரர் வைத்தியரின் குழாயைப் போன்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். காந்தத்தால் மணிக்கூட்டை நிறுத்தினார்கள். 1940 செப்டெம்பர் 2-ஆம் திகதி வேல்ஸில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கிடந்த குண்டிலிருந்து லெப்ரினன்ற் பேர்ட்ரம் ஆர்ச்சர் பியூஸைக் கழற்றியபோது, அதற்கு அடியில் இன்னொரு பொறி ஒளிந்திருந்தது. மேலே உள்ள பியூஸைக் கழற்றுகிறவரைக் கொல்வதே அதன் ஒரே வேலை. ஏதோ காரணத்தால் அது இயங்கவில்லை. ஆர்ச்சர் 2015 வரை, 100 வயது வரை வாழ்ந்தார். 1943 ஜனவரியில் வந்த புதுவகைப் பியூஸும் செயலிழக்கச் செய்பவரையே குறிவைத்தது. அதன் மின்கலங்களைத் திரவ ஒட்சிசனால் உறையவைத்து அடக்கியவர் ஜோன் ஹட்சன். தொழிலால் தோட்டக்கலை நிபுணர். ஒருவரையொருவர் முகம் பார்த்திராத இரண்டு அறிவுகள் ஓர் அங்குல இரும்புக்குள் சதுரங்கம் ஆடின. இதில் பிழைவிட்டவர்கள் பலர். சஃபோக் பிரபு 1941 மே 12-இல், தன் செயலாளர் பெரில் மோர்டனுடனும் சாரதி பிரெட் ஹார்ட்ஸுடனும் இறந்தார்.

நம் வாசகர்களில் சிலருக்கு இந்த மூவரும் அறிமுகமானவர்களாக இருக்கலாம். கொழும்பில் 1943-இல் பிறந்து கனடாவில் வாழும் மைக்கேல் ஒண்டாச்சி 1992-இல் வெளியிட்ட 'த இங்கிலிஷ் பேஷன்ற்' நாவலில், சீக்கியச் சப்பர் கிப்புக்குக் குண்டைப் பற்றிக் கற்பிக்கிறவர் இந்தச் சஃபோக் பிரபுதான். பேரரசின் குண்டுகளைப் பேரரசின் குடிமகன் ஒருவன் குனிந்திருந்து கழற்றுகிறான் என்ற எண்ணம் இலங்கையிலிருந்து போன ஒருவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

*

நேச நாடுகளும் பின்தங்கவில்லை. அவர்களுடைய நீண்ட தாமதப் பியூஸில் மணிக்கூடு இல்லை, இரசாயனம் இருந்தது. ஒரு சிறு கண்ணாடிச் சிமிழில் அசற்றோன். சிமிழ் உடைந்து, திரவம் செலுலொயிட் வில்லையை மெல்ல மெல்லக் கரைக்கும். வில்லை தளர்ந்ததும் ஊசி அடிக்கும். ஒரு மணித்தியாலம் முதல் 144 மணித்தியாலம் வரை, வில்லையின் தடிப்புக்கு ஏற்ப.

குண்டு மூக்குக் கீழாக நின்றால் மட்டுமே இந்தக் கணக்குச் சரிவரும். பேர்ளினுக்கு வடக்கேயுள்ள ஒரானியன்பேர்க்கில் மேலே மென்மணல், கீழே கடினமான படை. கீழே போன குண்டு வளைந்து திரும்பி மூக்கு மேலாக நின்றுவிட்டது. திரவம் வில்லையைத் தொடவில்லை. ஆவி மட்டுமே பட்டது. செலுலொயிட் கரையாமல் வருடக்கணக்காக முதுமையடைந்துகொண்டிருக்கிறது. ஆறு நாளில் முடிய வேண்டிய கணக்கு எண்பது வருடமாக முடியவில்லை. அந்த நகரில் யுரேனியம் பதப்படுத்தும் ஆலை ஒன்று இருந்தது. அது சோவியத் படைகளின் கையில் சிக்கக்கூடாது என்று அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தின் தலைவர் ஜெனரல் குரோவ்ஸ் விரும்பினார். 1945 மார்ச் 15-இல் 600-க்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து போயின. 1990-க்குப் பிறகு மட்டும் அங்கே 200-க்கும் மேற்பட்ட குண்டுகள் அகற்றப்பட்டிருக்கின்றன.

2010 ஜூன் முதலாம் திகதி கோத்திங்கன் நகரில் இப்படியான பியூஸ் பூட்டிய குண்டு, செயலிழக்கச் செய்யும் வேலை தொடங்குமுன்பே வெடித்தது. நீண்ட அனுபவமுள்ள மூன்று நிபுணர்கள் இறந்தார்கள். 2019 ஜூன் 23-ஆம் திகதி அதிகாலை, லிம்பேர்க் அருகே வயலொன்றில் ஒருவரும் தொடாமலே ஒரு குண்டு வெடித்தது. பத்து மீற்றர் அகலப் பள்ளம் மட்டும் மிஞ்சியது. விதைப்பவர்களோ அறுப்பவர்களோ அந்நேரம் அங்கே இல்லாதது தற்செயல்.

இந்தக் குண்டுகளைத் தேட உதவுவது எது தெரியுமா? குண்டு போட்டவர்களே எடுத்த புகைப்படங்கள். சேதத்தைக் கணக்கிட விமானத்திலிருந்து எடுத்தவை. பிரித்தானியா 1980-களின் நடுப்பகுதியிலிருந்து அவற்றை ஜேர்மனிக்குக் கொடுத்து வருகிறது. பெரும் பள்ளங்களுக்கு நடுவே சிறு புள்ளி போல ஒரு துளை தெரிந்தால், அங்கே வெடிக்காதது இருக்கிறது. வெற்றியை அளக்க எடுத்த படம், எதிரியின் பேரப்பிள்ளையைக் காப்பாற்றுகிறது. நாற்பது வருடம் அலுமாரியில் பூட்டிக் கிடந்தாலும், எரிக்காமல் வைத்திருந்தார்கள் என்பதே பெரிய விடயம்.

நமக்கு இந்தச் சரித்திரம் அந்நியமில்லை. மிதிவெடி என்பது, கால் ஒன்று வரும்வரை காத்திருக்கும் பியூஸ், வேறொன்றுமில்லை. வைத்தவன் இறந்துபோனாலும் இடம்பெயர்ந்துபோனாலும் அதற்குக் கவலையில்லை. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையிலும், 2018 மார்ச்சில் கொத்தணிக் குண்டுத் தடை உடன்படிக்கையிலும் சேர்ந்தது. முகமாலை மண்ணில் பெண்கள் பலர் முழந்தாளிட்டு, வருடக்கணக்காக, அங்குலம் அங்குலமாகச் சுரண்டிச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். சென்ற் போல்ஸ் குழியில் இறங்கியவர்களுக்குச் சிலுவை கிடைத்தது. இந்தப் பெண்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

யார், எங்கே, எதை, எத்தனை போட்டார் என்ற பதிவேடு எல்லாத் தரப்பிடமும் இருக்க வேண்டியது. எவரும் அதை எரிக்கக்கூடாது. வரப்போகும் பிள்ளைகளுக்கு அது நியாயம் வழங்கும் கேள்விக்கு முன்னர், உயிர்காக்கும் கேள்வி. 1945-இல் முடிந்த யுத்தத்தின் குண்டு 65 வருடம் கழித்துக் கோத்திங்கனில் மூன்று பேரைக் கொன்றது. அதே 65 வருடத்தை 2009-உடன் கூட்டிப் பார்த்தால் 2074 வருகிறது. இன்று வன்னியில் தவழ்கிற குழந்தைக்கு அப்போது ஐம்பது வயதளவில் இருக்கும். கிணறு வெட்டவோ, வீட்டுக்கு அத்திவாரம் போடவோ மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும்.