சின்ன மாமியே ஆற்ற பாட்டு?

போன மாதம் வெள்ளவத்தையில ஒரு கலியாணம். சாப்பாடு முடிஞ்சு டீஜே 'சின்ன மாமியே'வைப் போட்டதும், அதுவரைக்கும் முழங்கால் நோ எண்டு கதிரையை விட்டு எழும்பாத பெரியப்பாமார் எல்லாம் நடுவுக்கு வந்திட்டினம். எங்களோட நிண்ட ஒருத்தி கேட்டாள்: "இது எந்தப் படத்தில வந்த பாட்டு?" நாங்கள் ஆறு பேர். ஒருத்தருக்கும் மறுமொழி தெரியேல்ல. அது எந்தப் படத்திலயும் வந்த பாட்டில்லை எண்டதே பிறகு தேடித்தான் தெரிஞ்சுது. இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில எழுதினது.

அந்தப் பாட்டுக்காரர் நித்தி கனகரத்தினம். ஊர் யாழ்ப்பாணத்து உரும்பிராய். 1960களில், அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில படிக்கிற காலத்தில, கூட்டாளிமாரோட பாடிச் சிரிக்கிறதுக்காகக் கட்டின பாட்டு இது. பின்னால வாத்தியக் குழுவோ ஒலிப்பதிவுக் கூடமோ இல்லை. ஒரு கிட்டார், கைதட்டல், வீட்டில கதைக்கிற தமிழ், அவ்வளவுதான். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'யும் அவற்ற பாட்டுத்தான். தமிழ்ப் பொப்பிசையின் தந்தை எண்டு இண்டைக்கு அவரைச் சொல்லுகினம்.

ஆனா அந்தத் தாளம் வானத்தில இருந்து விழேல்ல. 1505இல போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தினம். அவையின்ர காலத்தில ஆபிரிக்காவில இருந்து கொண்டுவரப்பட்ட மக்களின்ர ஆட்டமும் பாட்டும் இங்க தங்கி கஃப்ரிஞ்ஞா, பைலா எண்டு ஆச்சு. மட்டக்களப்புப் பறங்கியர் கலியாணங்களில கஃப்ரிஞ்ஞா இண்டைக்கும் ஆடுப்படுது. 1940களில வோலி பஸ்தியான்ஸ் எண்ட பொலிஸ்காரர் அந்தத் தாளத்துக்குச் சிங்களச் சொல்லுப் போட்டுப் பாடி, பைலாவை நாடு முழுக்கக் கொண்டுபோனார். 1956இல ஹரி பெலஃபொன்ரேயின் 'கலிப்சோ' இசைத்தட்டு வந்து உலகத்தையே ஆட்டினது. கொழும்பிலயும் கிட்டார் தூக்கின பெடியள் கலிப்சோ பாடத் தொடங்கிச்சினம். 1966இல கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் குழு மின்கிட்டாரோட சிங்களப் பாட்டை மாத்தினது.

அதே 1956இலதான் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. சட்டம் மொழிகளைப் பிரிச்சுக் கொண்டிருந்த அதே வருசங்களில, தாளம் ஒரு மொழியில இருந்து மற்ற மொழிக்குக் கேக்காமலே போய்வந்தது. தமிழ்ப் பொப்பிசை பிறந்தது இந்தப் போக்குவரத்திலதான்.

அதை மேடையில பெரிசாக்கினவர் ஏ.ஈ. மனோகரன். அவர் பாடிப் பரப்பின 'சுராங்கனி'யில சிங்களமும் தமிழும் ஒண்டோட ஒண்டு கலந்து வரும். திருகோணமலையில எம்.பி. பரமேஷ் கிட்டாரோட 'உனக்குத் தெரியுமா' எண்டு மெல்லிசைப் பக்கம் போனார். 1970இல வந்த சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கி, இந்தியச் சஞ்சிகைகளும் படங்களும் குறைஞ்ச காலம் அது. கஷ்டமான காலம்தான். பாணுக்கும் வரிசையில நிண்ட காலம். ஆனா உள்ளூர்ப் பாட்டுக்கும் படத்துக்கும் ஒரு சின்ன இடம் கிடைச்சது. 1977இல பொருளாதாரம் திறந்துவிடப்பட, அந்த இடமும் சுருங்கினது.

அதே 1977இலதான் 'சுராங்கனி' மெட்டு, இளையராஜா இசையமைச்ச 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில வந்தது. பாட்டு கடல் தாண்டினது சந்தோசம்தான். ஆனா அதுக்குப் பிறகு எங்கட வயதுப் பிள்ளையளுக்கு அது ஒரு சினிமாப் பாட்டு. மனோகரன் 1978இல 'வாடைக்காற்று' படத்தில நடிச்சார். பிறகு சென்னையில இருந்து கன படங்களில வில்லனா வந்தார். 2018 ஜனவரியில அங்கயே காலமானார். அவரைச் 'சிலோன் மனோகர்' எண்டுதான் அங்க கூப்பிட்டவை. ஊர்ப்பேர் ஒட்டியிருந்தது, ஊரில இருக்கேலாமல் போச்சு.

நித்தி கனகரத்தினத்துக்குப் பாட்டு ஒருநாளும் சம்பளம் தந்த தொழில் இல்லை. மட்டக்களப்பில விரிவுரையாளரா வேலை செய்தார், பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போனார். பரமேஷ் ஜேர்மனிக்கு. 1983 ஜூலையில இந்த வெள்ளவத்தையிலயும் வீடும் கடையும் எரிஞ்சது. பாடினவையும் போச்சினம், கேட்டவையும் போச்சினம். எரிஞ்ச வீடுகளில எத்தினை இசைத்தட்டு இருந்திருக்கும் எண்டு ஆரும் கணக்கெடுக்கேல்ல.

இவ்வளவும் சொல்லிப்போட்டு, பாட்டை வெறுமனே தலையில வைச்சு ஆடவும் எங்களுக்கு மனமில்லை. 'சின்ன மாமியே'யைச் சொல்லுக்குச் சொல் கேட்டுப் பாருங்கோ. மகள் எங்க எண்டு மருமகன் கேக்கிறான், படிக்கப் போட்டாள் எண்டு மாமி சொல்லுறா, ஏன் இவ்வளவு படிப்பு எண்டு அவன் குறைப்படுறான். அந்தப் பெட்டை பாட்டு முழுக்க ஒரு சொல்லும் கதைக்கேல்ல. சுராங்கனியும் அப்பிடித்தான், பேர் மட்டும் இருக்கு, குரல் இல்லை. எங்கட மற்றக் கேள்வி: கர்நாடக சங்கீதத்துக்குக் கிடைச்ச மரியாதையில கால்வாசியாவது இந்தப் பாட்டுகளுக்கு எங்கட வீடுகளில ஏன் கிடைக்கேல்ல? வீட்டுத் தமிழில பாடினதாலயா, ஆடக்கூடியதா இருந்ததாலயா? ரெண்டும் குறையே இல்லை எண்டு நாங்கள் நினைக்கிறம்.

கலியாணத்துக்குப் பிறகு, அண்டைக்கு ஆடின பெரியப்பா ஒருத்தரைப் பிடிச்சுக் கேட்டம். முதன்முதல் எங்க கேட்டனீங்கள்? ஆர் பாடினது? ஒரு மணித்தியாலம் கதைச்சார். ஃபோனில பதிஞ்சு வைச்சிருக்கிறம். உங்கட வீட்டிலயும் இப்பிடி ஒருத்தர் இருப்பார், அல்லது ஒரு பெரியம்மா இருப்பா. அவையிட்டப் போய்க் கேளுங்கோ, பதியுங்கோ. அடுத்த கலியாணத்தில ஆரும் "எந்தப் படம்?" எண்டு கேட்டா, மறுமொழி சொல்ல ஒருத்தராவது வேணும்.