போகிற எண்ணெயும் திரும்புகிற எண்ணெயும்

செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வந்தவாசி சாலையில் கொஞ்ச தூரம் போனால் எங்கள் நிலம். வீட்டில் நிற்பது மாசி ஃபெர்குசன் 1035, அப்பா வாங்கிய வண்டி. 36 குதிரைத்திறன். உழவுக்கும் டிப்பர் இழுக்கவும் இன்னும் குறை சொல்ல முடியாது. ஆனால் தொழு உரத்தை அள்ளிக் கொட்டவும், கோடையில் தாசில்தார் அனுமதி வாங்கி ஏரி வண்டல் எடுக்கவும் ஒவ்வொரு முறையும் ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய்த்தான், இந்த வண்டிக்கே முன்னால் ஒரு லோடர் மாட்டிவிடலாம் என்று இறங்கினேன்.

இரும்புச் சட்டம் அடிப்பது பெரிய விஷயமில்லை. நல்ல வெல்டரும் ஒரு லேத்தும் இருந்தால் போதும். சிக்கல் எண்ணெயில் இருக்கிறது. பக்கெட்டைத் தூக்கும் ஜாக்குகளுக்கு எண்ணெயை எங்கிருந்து எடுப்பது? வழி இரண்டு. வண்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் பம்பிலிருந்தே எடுக்கலாம். அல்லது இன்ஜின் முன்புறம் தனிப் பம்பு, தனி டேங்க் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் இந்த ஒரே வண்டியில் செய்து பார்த்தவன் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்ல முடிகிறது.

முதல் வழியைப் புரிந்துகொள்ள இந்த வண்டியின் பரம்பரையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கலப்பையையும் டிராக்டரையும் ஒரே உடம்பாக இணைத்து, ஆழத்தை ஹைட்ராலிக்கே பார்த்துக்கொள்ளும் முறைக்கு ஹாரி ஃபெர்குசன் 1926-இல் காப்புரிமை பெற்றார். 1939-இல் ஃபோர்டுடன் சேர்ந்து வந்த வண்டியிலும், 1946-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரான டிஇ 20-இலும் அந்த முறைதான். 1953-இல் மாசி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்த பிறகு வந்த 35 மாடல் வண்டியும் அதே வழி. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே, மாசி ஃபெர்குசனோடு கைகோத்து செம்பியம் தொழிற்சாலையில் செய்த வண்டிகளும் அந்தக் குடும்பம்தான். ஃபெர்குசன் மனத்தில் வைத்திருந்தது கலப்பை. முன்னால் தொங்கும் பக்கெட் அவர் கணக்கிலேயே இல்லை. பழைய வண்டியில் லோடர் மாட்டுகிறவன் படும் பாடு எல்லாம் இங்கிருந்துதான் புறப்படுகிறது.

அந்தப் பம்பு பின் ஆக்சில் கூட்டுக்குள், கியர் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் சின்ன பிஸ்டன் பம்பு. அதைச் சுற்றுவது, பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பிடிஓ தண்டு. மற்ற வண்டிகள் பலவற்றில் பம்பு எப்போதும் இறைத்துக்கொண்டே இருக்கும். வெளியே போகும் எண்ணெயை வால்வு திசை திருப்பும். இங்கே வால்வு உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. லிவரைத் தூக்கினால் வாய் திறக்கும், பம்பு எண்ணெய் குடிக்கும், கலப்பையைத் தூக்கும் பின்கை ஏறும். வேண்டிய உயரம் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். பம்பு சும்மா சுற்றும், இறைக்காது, சூடாகாது. ஏரோட்டுகிறவனுக்கு இதைவிட அழகான ஏற்பாடு கிடையாது. நாள் முழுக்க உழுதாலும் எண்ணெய் கொதிக்காது.

சீட்டுக்கு முன்னால், ஹைட்ராலிக் மூடியின் மேல், போல்ட் போட்ட ஒரு சின்ன வார்ப்பிரும்புத் தகடு இருக்கும். அந்த வழியாகப் பம்பின் எண்ணெயை வெளியே எடுக்கலாம். டிப்பர் டிரெய்லர் தூக்குவதற்கு எல்லாரும் எடுப்பது அங்கிருந்துதான். லோடருக்கும் அதே இடம். ஒரே ஒரு ஹோஸ். தூக்க மட்டும் எண்ணெய் வாங்கி, தன் எடையில் தானே இறங்கும் ஒருவழி ஜாக். கயிற்றை இழுத்தால் கொக்கி விட்டுக் கவிழும் பக்கெட். பின்கையைத் தூக்கும் அதே லிவர்தான் லோடரையும் தூக்கும், இறக்கும். சுமை இல்லாத பின்கைகள் முதலில் உச்சிக்குப் போய் நிற்கும், பிறகுதான் பக்கெட் அசையும். இந்த அளவோடு நிறுத்திக்கொண்டால் இது நல்ல ஏற்பாடு, மலிவான ஏற்பாடு. திரும்பி வரும் எண்ணெய் போன வழியிலேயே வந்துவிடுகிறது.

நான் அந்த அளவோடு நிற்கவில்லை. பக்கெட்டைக் கவிழ்க்கவும் நிமிர்த்தவும் ஜாக் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு இருவழி ஜாக், இரண்டு லிவர் வைத்த வால்வு பெட்டி. நடு இடத்தில் லிவர் நின்றால் எண்ணெய் நேராகத் திரும்பிப் போகும் வகை. ஒரு பட்டறையில் அதைத் தகட்டுக்கும் ஜாக்குக்கும் நடுவே இணைத்துக் கொடுத்தார்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து பின் லிவரை உச்சிக்குத் தள்ளினால் பம்பு நிற்காமல் இறைக்கும். இறைத்தது. ஆனால் லோடர் லிவர் நடுவில் இருக்கும்போது பின்கைகள் பொத்தென்று கீழே விழுந்தன. லோடரை இயக்கினால் பின்கைகள் முதலில் எழுந்து நின்றுவிட்டு, அதற்குப் பிறகுதான் முன்னால் வேலை நடந்தது. இரண்டும் ஒரே கால்வாயில் தண்ணீர் வாங்கும் வயல்கள். மேலே மடையைத் திறந்தால் கீழே வரத்து குறையும். இரண்டையும் பிரிக்கும் வால்வு ஒன்றை அந்தத் தகட்டிலேயே வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை.

அதைவிடப் பெரிய தவறு திரும்பும் ஹோஸில். தடித்த ஹோஸ் வந்து சேர வேண்டிய இடத்தில், கைக்குக் கிடைத்த ஒரு சின்ன பிளக் துளையில் கால் அங்குல அடாப்டர் போட்டு முடுக்கியிருந்தார்கள். காலையில் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருந்தது. வால்வு பெட்டியின் திரும்பும் பக்கத்தில் அழுத்தம் ஏறி, லிவர் தண்டின் சீல் பிய்த்துக்கொண்டு, நெல் மூட்டை அடுக்கியிருந்த கொட்டகைச் சுவர் முழுக்கக் கியர் எண்ணெய். அந்தச் சுவரில் கறை இன்றும் போகவில்லை.

அப்போது வந்து பார்த்த மூத்த மெக்கானிக் கேட்ட கேள்வி மறக்கவில்லை. “தம்பி, போற எண்ணெய்க்கு எவ்ளோ பிரஷர்னு கேட்டியே, வர்ற எண்ணெய்க்கு எங்க எடம் வெச்சிருக்கேன்னு கேட்டியா?”

இனி அளவுக் கணக்கு. 63 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள இரண்டு ஜாக், ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் நீளும் என்று வைத்துக்கொள்வோம். முழுக்க நீள இரண்டுக்கும் சேர்த்து சுமார் 3.7 லிட்டர் எண்ணெய் வேண்டும். உள் பம்பு நிமிடத்துக்கு 16 லிட்டர் தந்தால் பக்கெட் மேலே போக 14 விநாடி. ஒரு முறை தூக்குவதற்கு இது நேரமே இல்லை. ஒரு டிப்பரை நிரப்ப முப்பது முறை அள்ள வேண்டியிருக்கும்போதுதான் அந்த 14 விநாடி என்னவென்று தெரியும். பலத்தில் குறைவில்லை. 170 பார் அழுத்தத்தில் அந்த ஜாக் ஒவ்வொன்றும் 5 டன்னுக்கு மேல் தள்ளும்; லோடர் கையின் நீளம் அதில் பெரும்பகுதியைத் தின்றாலும் மிச்சம் போதும். குறைவது வேகம்தான்.

இரண்டாவது வழியில் கிராங்க் தண்டின் முன் புல்லியிலிருந்து ஒரு சின்ன தண்டு, ரப்பர் வைத்த கப்ளிங், அதன் முனையில் கியர் பம்பு. சுற்றுக்கு 25 சிசி இறைக்கும் பம்பு, இன்ஜின் 1,600 சுற்றில் ஓடினால் கசிவு போக நிமிடத்துக்கு 36 லிட்டர் தரும். அதே ஜாக்குகள் ஆறே விநாடியில் ஏறிவிடும். இலவசமாக இல்லை. 150 பார் அழுத்தத்தில் அந்த 36 லிட்டரைத் தள்ள 9 கிலோவாட், அதாவது 12 குதிரைத்திறன் போகிறது. வண்டியின் மொத்த பலத்தில் மூன்றில் ஒன்று. மண் குவியலுக்குள் முட்டிக்கொண்டே தூக்கினால் இன்ஜின் முனகுவது இதனால்தான்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்ஜினை முன்னால் நின்று பார்த்தால் அது வலப்புறமாகச் சுற்றும். பம்பு அதற்கு எதிரே முகம் பார்த்து நிற்பதால், பம்பின் தண்டுப் பக்கமிருந்து பார்க்கையில் இடப்புறமாகச் சுற்ற வேண்டும். வலம் சுற்றும் பம்பைக் கொண்டுவந்து மாட்டினால் ஓட்டிய முதல் நிமிடத்திலேயே தண்டு சீல் வெளியே வந்துவிடும். கப்ளிங் நேர்கோட்டில் உட்காரவில்லை என்றால் பம்பு சில மாதத்தில் உள்ளே தேய்ந்துவிடும். லேத்துக்காரர் டயல் கேஜ் வைத்துப் பார்க்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

கியர் பம்பு ஓய்வு அறியாதது. இன்ஜின் ஓடும் வரை இறைக்கும். ஆகவே அதற்கு நடுநிலையில் தடையில்லாத திரும்பு வழி வேண்டும். வழி அடைபட்டால் ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெய் கொதிக்கும், அதுவும் இல்லாவிட்டால் எது பலவீனமோ அது வெடிக்கும். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு ஹோஸ் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. போகும் ஹோஸ் அரை அங்குலம் போதும். திரும்புவது முக்கால், வழியில் ஒரு ஃபில்டர். இந்த மூன்று அளவும் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பட்டறைகளில் மூன்றையும் ஒரே அளவில் போட்டுவிடுகிறார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும்.

இரண்டு வழிக்கும் நடுவே உண்மையான பிளவு எனக்குத் தெரிந்தது கிளட்சில். லோடர் வேலை என்றால் முன்னே, பின்னே, முன்னே, பின்னே. நிமிடத்துக்கு நான்கைந்து முறை கிளட்சை மிதிக்க வேண்டும். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் மிதித்த கணமே பிடிஓ நிற்கும். பிடிஓ நின்றால் உள் பம்பும் நிற்கும். பக்கெட் அந்தரத்தில் அப்படியே நிற்கும். கியரில் இருக்கையில் வண்டி நகரும்போது மட்டும்தான் தூக்க முடியும் என்பது டிப்பரின் அருகே ஒட்டி நிற்கும்போது எவ்வளவு ஆபத்தென்று ஓட்டுகிறவனுக்குத் தெரியும். இரட்டைக் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் பம்பு ஓடும், அங்கே இந்தக் குறை இல்லை. முன் பம்புக்குக் கிளட்ச் என்ற ஒன்றே தெரியாது. பின்னால் பிடிஓவில் மாட்டும் தனிப் பம்பும் விற்கிறார்கள். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் அதற்கும் இதே நோய்தான்.

அடுத்தது எண்ணெயின் சுத்தம். உள் பம்பு குடிப்பது கியர் பெட்டியின் எண்ணெய். கியர் தேயும் இரும்புத் தூள் அதில் மிதக்கிறது. ஐப்பசி மழையில் சேற்றில் நின்ற வண்டியில் லிவர் ஓரமாகத் தண்ணீர் இறங்கினால் எண்ணெய் பால் ஊற்றிய காபி நிறத்தில் வரும். அதே எண்ணெய்தான் புது ஜாக்கின் மெருகேற்றிய தண்டுக்கும் போகிறது. இன்னொரு பக்கம், வேறு வண்டியில் ஓடிய பழைய லோடரை வாங்கி மாட்டினால் அதன் ஜாக்கில் இருக்கும் அழுக்கு நேராக நம் கியர் பெட்டிக்குள் வரும். பக்கெட் மேலே நிற்கையில் பின் கூட்டில் மூன்று நான்கு லிட்டர் குறையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எண்ணெய் அளவுகோலைப் பக்கெட்டை இறக்கிய பிறகுதான் பார்க்க வேண்டும்.

தனி டேங்க் இருந்தால் இரண்டு எண்ணெயும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. எங்கள் ஊர்த் தறியில் சேலைக்குக் கோர்வை போடும்போது உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. இரண்டு நிறமும் விளிம்பில் கோத்துக்கொள்ளும், ஒன்றுக்குள் ஒன்று ஓடாது. ஒரே நாடாவில் நெய்வதைவிட ஆளும் நேரமும் கூடும். ஆனால் கரையின் சிவப்பு உடலுக்குள் இறங்காது. முன் பம்பு வைத்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வருகிறது.

வருடத்தில் பத்து நாள் எரு அள்ளுகிறவர், இரட்டைக் கிளட்ச் வண்டி வைத்திருக்கிறவர் உள் பம்பையே பயன்படுத்தலாம். ஒருவழி ஜாக், கயிறு இழுக்கும் பக்கெட், கூடவே பிரிப்பு வால்வு. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். வாரம் தவறாமல் லோடர் ஓட வேண்டும், மண்ணைத் தோண்டி அள்ள வேண்டும், கீழ்நோக்கி அழுத்தவும் வேண்டும் என்றால் முன் பம்புதான். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. செலவு கூடுதல்தான், ரேடியேட்டருக்கு முன்னே இடம் ஒழித்து, சட்டம் மாற்றி, டேங்க் அடிக்க வேண்டியிருக்கும்.

எந்த வழியானாலும் இரண்டு எச்சரிக்கை. ஹோஸில் ஊசித் துளை விழுந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி முதலில் தெரியாது. கையையே இழக்க நேரிடலாம். கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டையைக் காட்டிப் பாருங்கள். பட்டுவிட்டால் சின்ன துளைதானே என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தூக்கிய பக்கெட்டுக்கு அடியில் எந்த வேலைக்காகவும் ஆள் போகக் கூடாது. பக்கெட்டை மேலே நிறுத்தி வைத்திருப்பது ஒரு ரப்பர் வளையமும் கொஞ்சம் எண்ணெயும்தான்.

முன் பம்பு மாட்டிய அன்று மாலை அந்த மெக்கானிக்கே வந்தார். சீட்டுக்கு முன்னால் இருந்த பழைய தகட்டை டீசலில் கழுவி, புது கேஸ்கெட் வைத்து மூடினோம். இன்ஜினை அரை மணி நேரம் ஓட விட்டு, லோடர் லிவரை நடுவிலேயே வைத்திருந்தார். பிறகு டேங்கின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பு மட்டும்தான். “வழி கெடச்சிருக்கு. நாளைக்கு எருவ அள்ளு” என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.