ஹெபடைடிஸ் பி சார்ந்த முடிச்சுத் தமனியழற்சி: சிகிச்சையின் வரலாறு

முடிச்சுத் தமனியழற்சி என்பது நடுத்தர அளவுத் தமனிகளின் சுவர் அழன்று சிதையும் நோய். மருத்துவர்கள் இதைப் பாலிஆர்ட்டரைட்டிஸ் நோடோசா என்பார்கள். இரத்தம் தடைப்படும் உறுப்பைப் பொறுத்து அறிகுறிகள் மாறும். நரம்பு செத்துப் பாதம் தொங்கலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறலாம். குடல் அழுகித் துளை விழலாம். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஹெபடைடிஸ் பி வைரஸே இதற்குக் காரணம்.

1866இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் அடோல்ஃப் குஸ்மாலும் ருடால்ஃப் மையரும் இந்நோயை முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தார்கள். இளம் தையல் தொழிலாளி ஒருவரின் பிணப் பரிசோதனையில் தமனிகள் நெடுகிலும் முடிச்சுகள் தென்பட்டன. அடுத்த நூறாண்டுகள் காரணம் தெரியாமலே கழிந்தன. சிகிச்சையின்றி விடப்பட்டவர்களில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் மிகச் சிலரே. 1950களில் ஸ்டீராய்டு வந்தபின் ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைத்தார்கள். 1979இல் அமெரிக்காவில் ஆந்தனி ஃபாவுசியின் குழு, கடுமையான நோயாளிகளுக்கு சைக்ளோஃபாஸ்ஃபமைடு கைகொடுப்பதைக் காட்டியது.

இதற்கிடையே 1970இல் அமெரிக்காவில் கோக்கின் குழுவும் பிரான்சில் ட்ரெப்போவும் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டறிந்தார்கள். பரூக் பிளம்பெர்க் 1960களில் கண்டுபிடித்த 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்', அதாவது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம், இந்நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் இருந்தது. அந்தப் புரதமும் அதை எதிர்க்க உடல் சுரக்கும் எதிர்ப்பொருளும் பிணைந்து தமனிச் சுவரில் படிகின்றன. அழற்சி அங்கே தொடங்குகிறது.

காரணம் தெரிந்ததும் பழைய சிகிச்சையின் ஆபத்தும் வெளிப்பட்டது. ஸ்டீராய்டும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் தமனியைக் காக்கின்றன. ஆனால் நோயெதிர்ப்பை ஒடுக்குவதால் வைரஸ் தடையின்றிப் பெருகுகிறது. தமனி தப்பினாலும் கல்லீரல் சுருங்கிப்போகும் நிலை. இந்த முரணை அவிழ்த்ததுதான் இவ்வரலாற்றின் மிகப் பெரிய சாதனை. 1980களில் பிரான்சில் லோயிக் கில்வானும் சகாக்களும் சிகிச்சையின் வரிசையையே மாற்றினார்கள். உயிரைப் பறிக்கக்கூடிய முதல் நாட்களைக் கடக்க மட்டும் ஸ்டீராய்டு. ஓரிரு வாரத்தில் அதைச் சட்டென்று நிறுத்திவிடுவது. தமனியில் படியும் கூட்டுப்பொருள்களை இரத்தத்திலிருந்து அகற்றப் பிளாஸ்மா மாற்றம். கூடவே வைரஸ் எதிர்ப்பு மருந்து. ஸ்டீராய்டை நிறுத்தியதும் விழித்தெழும் நோயெதிர்ப்பு, வைரஸ் குடியேறிய கல்லீரல் செல்களை அழிக்கும் என்பது அவர்கள் கணக்கு. நாள்பட்ட அழற்சி நோய்க்கு ஸ்டீராய்டை நீண்ட காலம் தருவதே வழக்கமாக இருந்த காலத்தில் இது துணிச்சலான முடிவு.

வைரஸ் மருந்து காலத்தோடு மாறியது. முதலில் விடராபின், பிறகு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா, அதன்பின் வாய்வழி லாமிவுடின். இன்று வைரஸ் எளிதில் எதிர்ப்புத்திறன் பெறாத என்டெகாவிரும் டெனோஃபோவிருமே முதல் தேர்வு. கடுமையான நோயில் பிளாஸ்மா மாற்றம் இன்னும் கைவிடப்படவில்லை.

நோயின் எண்ணிக்கையைக் குறைத்ததில் தடுப்பூசிக்கும் இரத்ததானப் பரிசோதனைக்கும் மருந்துகளைவிடப் பெரிய பங்கு உண்டு. 1970களில் பிரான்சில் முடிச்சுத் தமனியழற்சி நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஹெபடைடிஸ் பி இருந்தது. 1981இல் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தபின் அந்தப் பங்கு படிப்படியாகச் சரிந்தது.

வைரஸின் 'இ' ஆன்டிஜென் மறைந்து அதற்கான எதிர்ப்பொருள் தோன்றிவிட்டால் தமனி நோய் திரும்புவது அரிது. ஆனால் செத்த நரம்பால் வந்த பலவீனமும், சிறுநீரகத் தழும்பால் வந்த இரத்த அழுத்தமும் பலருக்கு அதன்பிறகும் தொடர்கின்றன. அவற்றுக்குத் தனியே சிகிச்சை வேண்டும்.