சென்னை வானாய்வும் புறவிண்மீன்களின் கோள்களும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவுடையார்கோயில் என வழங்கும் திருப்பெருந்துறை, மணிவாசகப் பெருமான் குருவருள் பெற்ற தலமாதல் சைவவுலகம் நன்கறிந்தது. அவர் அருளிய திருவண்டப்பகுதி அண்டங்களின் அளவிறந்த பெருக்கத்தைப் பேசுகின்றது. அதுகொண்டு, இக்கால வானநூல் முடிபுகளை அடிகள் முன்னரே கூறினார் என்றல் மிகையாம். ஆயினும், அதனை ஓதுவார்க்கு, நம் ஞாயிற்றையன்றி ஏனை விண்மீன்களையுஞ் சூழ்ந்து கோள்கள் உளவோ என்னும் வினா எழுதல் இயல்பே. அவ்வினாவிற்கு விடைகாணப் புகுந்த முதன் முயற்சிகளுள் ஒன்று நம் தமிழகத்தில் நிகழ்ந்தமையைப் பலர் அறியார்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் வானாய்வு நிலையம் 1792-ஆம் ஆண்டில் எழுந்தது. பின்னாளில் அதன் தலைவராயிருந்த ஜேக்கப் என்பார், 70 ஒபியூக்கி என்னும் இரட்டை விண்மீனை ஆராய்ந்தார். அது நமக்கு ஏறத்தாழ 17 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. அதன் இரு மீன்களும் ஏறக்குறைய 88 ஆண்டுகட்கொருமுறை ஒன்றையொன்று சுற்றிவருவன. கணித்த நெறியினின்றும் அவை சிறிது பிறழக் கண்ட ஜேக்கப், கண்ணுக்குப் புலனாகாத கோளொன்று ஆங்கு உளதாதல் பெரிதுங் கூடுமென 1855-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

காணப்பட்ட அசைவினின்றும் காணப்படாத பொருளைத் துணிதலின், இது புகை கண்டு தீயுண்டெனத் தெளியும் கருதலளவையின் பாற்படும். நெறி தவறன்று, ஏதுவே பிழைத்தது. 1896-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சீ என்பாரும் அவ்விண்மீனிடத்து அத்தகைய பொருளொன்று உண்டென்றார். அவர் கூறிய அமைப்பு நிலைபெறாதென 1899-ஆம் ஆண்டில் மோல்ட்டன் கணக்கிட்டுக் காட்டினார். பிற்கால நுண்ணளவுகளும் ஜேக்கப் கூறிய கோளை மெய்ப்பிக்கவில்லை. பனிப்படலத்தைப் புகையென மயங்கித் தீயைத் துணிதல் போல்வதாகிய இதனை, நம் அளவைநூலார் ஏதுப்போலி என்பர்.

அற்றேல், அம்முயற்சி வீணோவெனின், அன்று. 1995-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு மேயர், கெலோ என்னும் இருவர், ஏறத்தாழ 50 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள 51 பெகாசி என்னும் விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பகுத்து ஆய்ந்தனர். அம்மீன் நான்கு நாளுக்குச் சற்று மேற்பட்ட கால அளவில் நம்மை அணுகியும் அகன்றும் அசைதலை அளந்து, அதனைச் சுற்றுங் கோளொன்றை நாட்டினர். பிறரும் அவ்வசைவை அளந்து உறுதிசெய்தனர். 2018-ஆம் ஆண்டில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார், அபுமலைத் தொலைநோக்கியால் ஏறத்தாழ 600 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள கோளொன்றை இம்முறையானே உறுதிசெய்தனர். ஏனை விண்மீன்களைச் சூழ்ந்துள்ளனவாக நாட்டப்பெற்ற கோள்கள் 2022-ஆம் ஆண்டில் ஐயாயிரத்தைக் கடந்தன.

ஜேக்கப் கருதிய கோள் இல்லையாயிற்று. அவர் கொண்ட நெறியோ நிலைத்தது. போலியேதுவைக் களைதல் கருதலளவைக்கு இழுக்கன்று. அதுவே அதற்கு அரணாம். விரும்பிய முடிபாயினும் ஏதுவை ஆராய்ந்தே கொள்ளல்வேண்டும் என்பது, வானநூலார்க்கேயன்றி நமக்கும் உரிய பாடமென்க.