அடித்தவன் பெரியவனா, தப்பித்தவன் பெரியவனா?

மலர்க் குழுவிலிருந்து நண்பன் போன் செய்து, "வரலாறு சம்பந்தமா ஏதாவது எழுதிக் கொடுடா, ரெண்டு மூணு பக்கம் போதும்" என்றான். "ராஜராஜ சோழனைப் பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டேன். "அதை ஏற்கெனவே மூணு பேர் எழுதியாச்சு" என்று பதில் வந்தது. ஆகவே, அன்பு நண்பர்களே, இது குத்துச்சண்டை வரலாறு!

1980-இல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். டிக்கெட் வாங்கக் காசில்லாத ஹாஸ்டல் கோஷ்டி நாங்கள். பேப்பரில் வந்த போட்டோவைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டோம். ஆனால் பாக்சிங் பைத்தியம் பிடித்துவிட்டது. அந்த வருஷம் கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியில் நம் சீனியர் ஒருவர் இறங்கினார். கைதட்ட ஒரு பட்டாளமே கிளம்பிப் போனோம்.

அவர் சண்டை போட்ட விதம் எங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எதிராளி பாய்ந்து வருவார். நம்மவர் அரை அடி நகர்ந்துவிடுவார். குத்து காற்றில் போகும். இடது கையால் ஒரு தட்டு, மறுபடியும் நகர்வு. மூன்று ரவுண்டும் இதே கதைதான். "அண்ணே, ஓடாதீங்கண்ணே! நின்னு அடிங்க!" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். நம்மவர் பாயிண்டில் ஜெயித்தார். கைதட்டல் என்னவோ, மூக்கில் ரத்தம் வழிய நின்ற எதிராளிக்குத்தான் கிடைத்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, அடிக்கிறது ஈஸி. அடி வாங்காம அடிக்கிறதுதான்டா கஷ்டம்."

அன்று பஸ்ஸில் நாங்கள் போட்ட வாக்குவாதத்தை, அதற்கு ஐம்பது வருஷம் முன்பே அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் போட்டுவிட்டார்கள் என்பது பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது. ஜாக் டெம்ப்ஸி, ஜீன் டன்னி என்ற இரண்டு ஹெவிவெயிட் வீரர்களின் கதை அது.

புயல் மாதிரி ஒருவர்

டெம்ப்ஸி 1895-இல் கொலராடோ மாநிலத்தில் மனாஸா என்ற சிற்றூரில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். சுரங்கங்களில் வேலை பார்த்தார். சரக்கு ரயிலில் திருட்டுத்தனமாக ஏறி ஊர் ஊராகப் போய், மதுக்கடைகளில் சவால் விட்டுச் சண்டை போட்டு வயிறு வளர்த்தார். 1919 ஜூலை 4 அன்று டொலிடோ நகரில், தன்னைவிட மிக உயரமான உலக சாம்பியன் ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை தரையில் சாய்த்தார். வில்லார்டால் நான்காவது ரவுண்டுக்கு எழுந்து வர முடியவில்லை.

1923-இல் நியூயார்க்கில் அர்ஜென்டினாவின் லூயிஸ் ஃபிர்போவுடன் நடந்த சண்டை இன்னும் பிரசித்தம். முதல் ரவுண்டில் மட்டும் ஃபிர்போ ஏழு முறை விழுந்தார். அவர் எழுந்து விட்ட ஒரு குத்தில் டெம்ப்ஸி கயிற்றைத் தாண்டி ரிங்குக்கு வெளியே பத்திரிகைக்காரர்கள் மேல் போய் விழுந்தார்! ஏறி வந்து இரண்டாவது ரவுண்டில் முடித்துவிட்டார். மொத்தம் நான்கு நிமிஷம்கூட இல்லை. ஜார்ஜ் பெல்லோஸ் என்ற ஓவியர் அந்தக் காட்சியைப் படமாகவே தீட்டினார்.

டெம்ப்ஸிக்குத் தற்காப்பே தெரியாது என்று சொல்ல முடியாது. குனிந்து, நெளிந்து, குத்துகளுக்கு அடியில் புகுந்து போவார். ஆனால் அது எல்லாம் கிட்டே போய் அடிப்பதற்காக. இன்னொன்றையும் கவனியுங்கள். விழுந்தவன் பக்கத்திலேயே நின்று, அவன் முழங்கால் தரையை விட்டு எழும்பிய உடனே மறுபடி அடிப்பது அவர் வழக்கம். கூட்டத்துக்கு அது ரொம்பப் பிடித்தது. அதே வழக்கம் பின்னால் அவர் காலை வாரப் போகிறது.

புத்தகம் படிக்கும் பாக்சர்

ஜீன் டன்னி நியூயார்க் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன். முதல் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைத் தரைவீரர் பிரிவில் சேர்ந்து பிரான்ஸுக்குப் போனவர். 1922-இல் ஹாரி கிரெப் என்பவரிடம் பதினைந்து ரவுண்டு அடி வாங்கி, மூக்கு உடைந்து தோற்றார். ஒரு கணக்கு வாத்தியார் மாதிரி அந்தத் தோல்வியைப் பிரித்துப் பிரித்துப் படித்தார் டன்னி. கிரெப்புடன் மறுபடி நான்கு முறை மோதினார். ஒரு முறைகூடத் தோற்கவில்லை. அவர் தொழில் வாழ்க்கையில் மொத்தத் தோல்வியே அந்த ஒன்றுதான்.

டெம்ப்ஸியுடன் மோத வேண்டும் என்று முடிவான பிறகு, அவர் சண்டைப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பயிற்சி ஓட்டத்தில் பின்பக்கமாகவே ஓடிப் பழகினார். ஓய்வு நேரத்தில் ஷேக்ஸ்பியர் படித்தார். பத்திரிகைக்காரர்களுக்கு இது ஒரே சிரிப்பு. பாக்சர் புத்தகம் படிப்பதாவது! 'இவர் என்ன, டெம்ப்ஸியை வசனம் பேசி வீழ்த்தப் போகிறாரா?' என்கிற பாணியில் கிண்டல் செய்தார்கள்.

1926 செப்டம்பர் 23, பிலடெல்பியா. கொட்டுகிற மழையில் 1,20,000-க்கும் மேற்பட்ட ஜனம். பத்து ரவுண்டும் டெம்ப்ஸி துரத்தினார். டன்னி நகர்ந்து, நேர்க் குத்து விட்டு, மறுபடி நகர்ந்தார். முடிவில் டெம்ப்ஸியின் முகம் வீங்கிப்போய், பட்டம் டன்னிக்குப் போனது. என்ன ஆச்சு என்று மனைவி கேட்டதற்கு, குனிய மறந்துவிட்டேன் என்று டெம்ப்ஸி பதில் சொன்னாராம்.

இப்போதுதான் விசித்திரம் ஆரம்பிக்கிறது. சாம்பியனாக இருந்தவரை டெம்ப்ஸியை முழு மனசோடு யாரும் கொண்டாடவில்லை. போருக்குப் போகாமல் தப்பித்தவர் என்று ஒரு கெட்ட பெயர். 1920-இல் வழக்கு நடந்து விடுதலையான பிறகும் அது போகவில்லை. டன்னியோ போருக்குப் போய் வந்தவர், ஒழுக்கமானவர். நியாயப்படி கூட்டம் டன்னி பக்கம் போயிருக்க வேண்டும். ஆனால் தோற்ற அன்றிலிருந்து டெம்ப்ஸி மக்களின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டார்!

சிகாகோவில் பதினான்கு விநாடி

1927 செப்டம்பர் 22, சிகாகோ சோல்ஜர் ஃபீல்டு மைதானம். இரண்டாவது மோதல். 1,04,000-க்கும் மேல் கூட்டம். வசூல் 26 லட்சம் டாலருக்கும் மேல். ஆறு ரவுண்டு வரை பழைய கதைதான். ஏழாவது ரவுண்டில் டெம்ப்ஸியின் குத்துகள் வரிசையாக விழ, டன்னி தன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தார்.

அன்று இருந்த விதி இது: எதிராளி விழுந்தால், நிற்பவர் தூரத்திலுள்ள பொது மூலைக்குப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகுதான் எண்ணிக்கை ஆரம்பமாகும். எழுகிறவனைக் கிட்டே நின்று அடிக்கிற பழக்கத்தைத் தடுக்கத்தான் அந்த விதி. ஆனால் டெம்ப்ஸி பழக்கதோஷத்தில் பக்கத்திலேயே நின்றுவிட்டார். நடுவர் டேவ் பாரி அவரை மூலைக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டு 'ஒன்று' என ஆரம்பிப்பதற்குள் சில விநாடிகள் போய்விட்டன. நடுவர் 'ஒன்பது' சொன்னபோது டன்னி எழுந்தார். தரையில் இருந்தது சுமார் பதினான்கு விநாடி என்பார்கள். 'நீண்ட எண்ணிக்கை' என்று அந்தச் சண்டைக்குப் பெயரே வந்துவிட்டது.

எழுந்த டன்னி என்ன செய்தார்? பின்னால் ஓடிப் பழகிய கால்களைப் பயன்படுத்தினார். ரிங்கைச் சுற்றிச் சுற்றிப் போனார். டெம்ப்ஸிக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. ஒரு கட்டத்தில் நின்றுவிட்டு, 'வா, வந்து மோது' என்று கையாலேயே சைகை காட்டினார். டன்னி போகவில்லை. தலை தெளிந்த பிறகு, எட்டாவது ரவுண்டில் டெம்ப்ஸியை ஒரு முறை கீழே இறக்கினார். பத்து ரவுண்டு முடிவில் வெற்றி டன்னிக்கே.

எண்ணிக்கை சரியா தவறா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. முதலிலேயே எண்ணியிருந்தாலும் எழுந்திருப்பேன் என்று டன்னி கடைசிவரை சொன்னார். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த ஏழாவது ரவுண்டில் டெம்ப்ஸி கை காட்டிக் கூப்பிட்டபோது, மைதானத்தில் பாதிப் பேர் மனசுக்குள் அதையேதான் சொல்லியிருப்பார்கள்: 'ஓடாதே, நின்னு அடி!'

1950-இல் அசோசியேட்டட் பிரஸ் நடத்திய வாக்கெடுப்பில், அரை நூற்றாண்டின் சிறந்த குத்துச்சண்டை வீரர் என்று தேர்வானவர் டெம்ப்ஸி. இரண்டு முறை அவரைத் தெளிவாக ஜெயித்த டன்னிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. 1928 ஜூலையில் டாம் ஹீனியுடன் டன்னி ஆடிய கடைசிச் சண்டையில், கூட்டம் போதாமல் ஏற்பாட்டாளர் டெக்ஸ் ரிக்கார்டுக்கு நஷ்டமே வந்தது.

கூட்டம் ஏன் அப்படி?

ரசிகர்கள் முட்டாள்கள் என்று சொல்லிவிடலாமா? கூடாது. ஒரு லட்சம் பேர் உட்கார்ந்த மைதானத்தில் கடைசி வரிசைக்காரனுக்கு என்ன தெரியும்? ஒருவன் விழுந்தால் தெரியும். இரண்டு அங்குலத்தில் தலை விலகியது தெரியாது. அந்தக் காலத்தில் ரேடியோ வர்ணனை வேறு வந்துவிட்டது. குத்து விழுந்தால் அறிவிப்பாளர் கத்தலாம். விழாத குத்துக்கு என்ன சத்தம் போடுவது?

இன்னொரு காரணமும் உண்டு. கிட்டே போய் அடிப்பவன் தானும் அடி வாங்கத் தயாராக வருகிறான். அந்தத் துணிச்சல் நமக்குப் புரிகிறது. நகர்ந்து போகிறவன் எதையும் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி தோன்றுகிறது. டிக்கெட் காசு கொடுத்தவனுக்கு எரிச்சல் வருவது இயற்கைதான்.

ஆனால் அந்தத் துணிச்சலுக்கு பில் யார் கட்டுவது? அதே 1928-இல், நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற டாக்டர், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தலையில் அடி வாங்கி வாங்கி, குடிக்காமலேயே குடித்தவன் போல் தள்ளாடிப் பேச்சுக் குழறும் பழைய பாக்சர்களைப் பற்றியது அது. இன்று மூளைச் சிதைவு என்று உலகமே பேசுகிற விஷயத்துக்கு அது ஒரு தொடக்கம். டன்னிக்கும் அந்தப் பயம் இருந்தது. சிகாகோ சண்டைக்கான பயிற்சியில் தலையில் பலமாக அடிபட்டுச் சில நாள் ஞாபகம் தடுமாறியதாகவும், ஓய்வு பெறும் எண்ணம் அப்போதே வந்ததாகவும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஹீனி சண்டை முடிந்ததும், பட்டத்தோடு விலகிவிட்டார். அப்போது வயது 31.

நமக்கு நெருக்கமான உதாரணம் முகமது அலி. இளம் வயதில் அவரைத் தொடவே முடியாது. கால்கள் அப்படி ஆடும். 1970-க்குப் பிறகு கால் வேகம் குறைந்ததும், அடியை வாங்கித் தாங்கிச் சண்டை போட்டார். 1975-இல் மணிலாவில் ஜோ ஃப்ரேஸியருடன் பதினான்கு ரவுண்டு நடந்த மோதலைத்தான் ரசிகர்கள் உச்சம் என்று கொண்டாடுகிறார்கள். 1984-இல் அவருக்கு பார்க்கின்சன் நோய் அறிகுறிகள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் குத்துதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. டெம்ப்ஸியே 87 வயதுவரை, நியூயார்க்கில் பல வருஷம் ஹோட்டல் நடத்திக்கொண்டு, நன்றாகத்தான் வாழ்ந்தார். ஆனாலும் மணிலாவை நினைத்துக் கைதட்டும்போது, அலியின் நடுங்கிய கைகளும் என் ஞாபகத்துக்கு வந்துவிடுகின்றன.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஃப்ளாய்ட் மேவெதர் தெரியும். தற்காப்பு மன்னன். தோள்பட்டையைத் திருப்பியே குத்துகளை வழுக்கிவிடுவார். 2015-இல் அவரும் மேனி பாக்கியாவும் மோதியதை அமெரிக்காவில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் காசு கட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, 'போர்!' என்று திட்டினார்கள். மேவெதர் ஒன்று புரிந்துகொண்டிருந்தார். தன்னைப் பிடிக்காதவனும் காசு கொடுப்பான், தான் தோற்பதைப் பார்க்க! தோற்கவே தோற்காமல் 50 சண்டையோடு ஓய்வு பெற்றார்.

வேறொரு வழியும் இருக்கிறது. 2021-இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்தில், வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளுக்கு நடுவே டான்சிங் ரோஸ் என்று ஒரு பாத்திரம் வந்ததே! பிடிபடாமல் நழுவுவதையே ஆட்டமாக ஆடிக் காட்டினார். ஜெயித்த ஹீரோவுக்குச் சமமாக ஜனங்கள் அவரையும் கொண்டாடினார்கள். காமிரா கிட்டே போய்க் காலைக் காட்டியதால், கடைசி வரிசைக்காரனுக்கும் அந்த வித்தை புரிந்தது. ஆகவே ரசனை இல்லாமல் போகவில்லை. கண் பழக வேண்டும், அவ்வளவுதான்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாக்சிங் பார்க்கும்போது, ஒரே ஒரு ரவுண்டாவது கையை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். விழாத குத்துகளை எண்ணுங்கள்.

நம் சீனியர் கதையை முடிக்கவில்லையே! போன சந்திப்புக்கு வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது, நடை அதே நடை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் என் பெயர், ரூம் நம்பர், மெஸ்ஸில் நான் வைத்த பாக்கி வரைக்கும் சொன்னார். கடைசியில் தோளில் தட்டி, "ஏன்டா தம்பி, 'ஓடாதீங்கண்ணே'ன்னு கத்தினவன் நீதானே?" என்றார். அசடு வழியச் சிரித்தேன். இந்த வருஷமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வைத்த கைதட்டல் பாக்கியை இந்த முறை தீர்த்துவிட வேண்டும். நீங்களும் சேர்ந்து தட்டினால் சந்தோஷம்.