சாலிகிராமம் யாருடைய ஊர்?

 

புரட்டாசி சனிக்கிழமை அன்னதானம் முடிந்து, பின்பக்கம் அண்டா கழுவிக்கொண்டிருந்தோம். நம் அடுக்களைக் குழுவில் இருக்கும் ஒரு அக்கா கேட்டார்: "தம்பி, அடுத்த வருஷம் முக்திநாத் போறோம்னு சொல்றீங்களே, அது இந்தியாவுல எந்த ஸ்டேட்டு?" பக்கத்தில் இருந்த அங்கிள் ஒருவர், "சாலிகிராமம்னா மெட்ராஸ்ல சினிமாக்காரங்க இருக்கிற ஏரியா இல்லையா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். அது நேபாளத்தில் இருக்கிறது என்று நான் சொன்னதும், அக்கா விடவில்லை. "அப்போ அந்த ஊரை யாரு பாத்துக்கிறா? நம்ம ஊரு மாதிரி மஜ்லிஸ் இருக்கா?"

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் நல்ல கேள்வி. அன்றைக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

108 திவ்ய தேசங்களில் பரமபதமும் திருப்பாற்கடலும் இந்தப் பூமியில் இல்லை. மீதி 106. அதில் 105 இந்தியாவில். இந்திய எல்லைக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்றுதான், சாலிகிராமம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். இன்று நாம் முக்திநாத் என்று போய்ச் சேவிப்பதும் அதையே. நம் கோவிலில் 108 பெயரையும் வாசிக்கும்போது "திருச்சாலிகிராமம்" என்று ஒரு விநாடியில் கடந்துவிடுகிறோம். அந்த ஒரு விநாடிக்குப் பின்னால் ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊருக்குத் தலைவர் இருக்கிறார், வார்டு இருக்கிறது, ஓட்டுப்பெட்டி இருக்கிறது.

முதலில் இடம் எப்படி என்று பார்ப்போம். நேபாளத்தில் இப்போது ஏழு மாகாணங்கள், 77 மாவட்டங்கள். போக்ராவைத் தலைநகராகக் கொண்ட மாகாணத்துக்குப் பெயரே கண்டகி. ஆமாம், நாம் சாலிகிராமக் கல் வருகிறது என்று சொல்லும் அதே கண்டகி நதியின் பெயர். அந்த மாகாணத்தின் வடகோடியில், திபெத் எல்லையை ஒட்டி இருக்கிறது முஸ்தாங் மாவட்டம். அதன் பரப்பு 3,573 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 14,452. நாட்டிலேயே மக்கள் மிகக் குறைவான மாவட்டங்களில் மனாங்குக்கு அடுத்தது இது. மொத்த மாவட்டத்து ஜனமும் நம் ஊரில் ஒரு பெரிய தாமானுக்குள் அடங்கிவிடும்.

முஸ்தாங் ஐந்து கிராம நகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நேபாளி மொழியில் 'காவுன்பாலிகா' என்பார்கள். அதில் ஒன்றின் பெயர் வாராகுங் முக்திக்ஷேத்ர. முக்திநாத் இருப்பது இதற்குள்தான். பெயரைக் கவனியுங்கள். முன்பாதி அந்த மண்ணின் பழைய பெயர்: பாராகௌன், அதாவது பன்னிரண்டு கிராமம். (இன்று எண்ணினால் பன்னிரண்டுக்கு மேலேயே வரும். பழைய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.) பின்பாதி நமக்குத் தெரிந்த முக்தி க்ஷேத்திரம். ஊர்க்காரர்களின் பெயரும் யாத்திரிகர்களின் பெயரும் ஒரே பலகையில்.

இந்த ஒரு உள்ளாட்சியின் பரப்பு சுமார் 886 சதுர கிலோமீட்டர். பக்கத்துச் சிங்கப்பூர் முழுவதையும் விடப் பெரியது. 2011 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 2,330 பேர். நம் கோவிலில் பங்குனி உத்திரத்துக்கு வரும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் ஒரு நகராட்சியின் ஜனமே.

ஏன் இவ்வளவு குறைவு? மண் அப்படி. தெற்கே இருந்து வரும் மழை மேகத்தை அன்னபூர்ணாவும் (8,091 மீட்டர்) தௌலகிரியும் (8,167 மீட்டர்) மறித்துவிடுகின்றன. மலைக்கு அந்தப் பக்கம் போக்ராவில் கொட்டோ கொட்டென்று கொட்டும். இந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வது நம் ஊரில் ஒரு மாதத்தில் பெய்யும் அளவுதான். படத்தில் பார்த்தால் இமயமலை மாதிரியே தெரியாது. பழுப்பு நிறம், மொட்டை மலை, நடுவில் பச்சைத் துண்டு போல ஒரு கிராமம். அந்தப் பச்சையும் மேலிருந்து உருகி வரும் பனித்தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து, முறை வைத்துப் பாய்ச்சியது. பார்லி, பக்வீட், உருளைக்கிழங்கு, ஆப்பிள். தண்ணீர் போகும் தூரம் வரைதான் ஊர். அதற்கு மேல் காற்றுதான். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காலை பத்து, பதினொரு மணிக்கு மேல் வீசும் காற்று பொல்லாதது. ஜோம்சோம் விமானம் எல்லாம் காலையிலேயே பறந்து முடிப்பது இதனால்தான். 2022 மே 29-ல் போக்ராவிலிருந்து ஜோம்சோம் போன விமானம் மலையில் மோதி 22 பேர் இறந்தார்கள். டிக்கெட் எடுத்தாயிற்று, காற்றானாலும் மேகமானாலும் போயே ஆகவேண்டும் என்று அங்கே யாரும் அடம்பிடிக்கக் கூடாது. நம் குழுவில் வருபவர்களுக்கு இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். இந்தப் பள்ளத்தாக்கு பல நூறு வருஷமாக ஒரு வியாபாரப் பாதை. வடக்கே திபெத்திலிருந்து உப்பு இறங்கும், தெற்கேயிருந்து தானியம் ஏறும். அந்தப் பாதையைப் பார்த்தபடி ஜார்கோட், ஜோங், காக்பேனி என்று மேடான இடங்களில் கோட்டை வீடுகள். சின்னச் சின்னப் பிரபுக்கள் ஆண்டார்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் கோர்க்கா அரசர்கள் இந்தப் பகுதியைத் தங்கள் நாட்டோடு சேர்த்துக்கொண்டார்கள். ஆனாலும் வாய்க்கால் முறை, மேய்ச்சல் நிலம், யார் வீட்டு யாக் யார் வயலில் மேய்ந்தது என்ற பஞ்சாயத்தெல்லாம் கிராமத்து மூத்தவர்கள் கையிலேயே இருந்தது. காட்மாண்டு ரொம்ப தூரம்.

1960-ல் மன்னர் மகேந்திரா பாராளுமன்றத்தைக் கலைத்தார். பிறகு கட்சி இல்லாத பஞ்சாயத்து முறை முப்பது வருஷம் ஓடியது. 1990-ல் மக்கள் போராட்டம், மீண்டும் கட்சிகள், கிராம அபிவிருத்திக் குழுக்கள். முக்திநாத்துக்கு ஒன்று, காக்பேனிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. 1997-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதற்குப் பிறகு? மாவோயிஸ்டு போர். 2002-ல் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. 2006-ல் போர் ஓய்ந்தது, 2008-ல் மன்னராட்சியே போய்விட்டது, அப்போதும் உள்ளாட்சித் தேர்தல் வரவில்லை. 1997-ல் ஓட்டுப் போட்ட ஒரு தாய்க்குப் பிறந்த குழந்தை, தானே ஓட்டுப் போடும் வயது வந்த பிறகுதான் அடுத்த உள்ளாட்சித் தேர்தலைப் பார்த்தது. இருபது வருஷம். அதில் பதினைந்து வருஷம் மேலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரிகள்தான் கிராமத்தை நடத்தினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் நாடுதான் நினைவுக்கு வந்தது. நமக்கு உள்ளாட்சித் தேர்தல் 1965-ல் நிறுத்தப்பட்டது. இன்றுவரை நகராண்மைக் கழக உறுப்பினரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமனம்தான். அரசியல் பேசவில்லை, கோவில் பக்கத்தில் அது வேண்டாம். ஆனால் நம்மைவிட வசதி குறைந்த ஊர் என்று நாம் நினைக்கும் இடத்தில், முக்திநாத் படிக்கட்டுக்குக் கீழே சாமான் விற்கும் அம்மா தன் ஊர்த் தலைவருக்கு ஓட்டுப் போடுகிறார். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2015-ல் புதிய அரசியலமைப்பு வந்தது. 2017-ல் பழைய கிராமக் குழுக்களை எல்லாம் இணைத்து நாடு முழுக்க 753 உள்ளாட்சிகள் ஆக்கினார்கள். அதில் 460 கிராம நகராட்சி. முக்திநாத், ஜோங், காக்பேனி, சுசாங் என்ற பழைய கிராமக் குழுக்கள் சேர்ந்துதான் இப்போதைய வாராகுங் முக்திக்ஷேத்ர. 2017-ல் முதல் தேர்தல், 2022 மே 13-ல் இரண்டாவது.

மொத்தம் ஐந்து வார்டு. ஒவ்வொரு வார்டிலும் ஒரு தலைவர், நான்கு உறுப்பினர். அந்த நால்வரில் இரண்டு இடம் பெண்களுக்கு, அந்த இரண்டில் ஒன்று தலித் பெண்ணுக்கு என்று சட்டமே எழுதியிருக்கிறது. அதற்கு மேல் நகராட்சிக்கு ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர். ஒரு கட்சி இரண்டு பதவிக்கும் ஆள் நிறுத்தினால் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 2,330 பேருக்கு நேரடி ஓட்டில் 27 பதவி. துணைத் தலைவருக்கு ஒரு முக்கிய வேலை உண்டு. உள்ளூர் நியாயக் குழுவுக்கு அவர்தான் தலைமை. வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு, வீட்டுச் சண்டை எல்லாம் முதலில் அவரிடம் வரும். பழைய மூத்தவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து பேசியதை, இன்று பல ஊர்களில் ஒரு பெண் மேசை போட்டு உட்கார்ந்து பேசுகிறார். பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், குடிநீர், உள்ளூர் ரோடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அரசியலமைப்பில் உள்ளாட்சிக்கே உரியது என்று 22 அதிகாரங்கள் பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் 886 சதுர கிலோமீட்டருக்கு ரோடு போடுவது, 2,330 பேர் கட்டும் வரியில் நடக்குமா? நடக்காது. மேலிருந்து வரும் மானியம்தான் ஓட்டுகிறது. ஊர் ஆட்களும் குறைந்துகொண்டே போகிறார்கள். குளிர்காலத்தில் பலர் போக்ரா பக்கம் இறங்கிவிடுவார்கள். பிள்ளைகள் படிக்கப் போனால் திரும்புவது அபூர்வம். இந்த நகராட்சிக்குள் சுசாங், தாங்பே முதலான ஐந்து கிராமங்களில் சேகே என்று ஒரு மொழி பேசுகிறார்கள். உலகத்திலேயே சுமார் 700 பேர்தான் பேசும் மொழி. அதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இப்போது நியூயார்க்கில். புரூக்லினில் ஒரே அடுக்குமாடியில் பல குடும்பங்கள் குடியிருக்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டு டவுனுக்கு வந்த நம் பெற்றோருக்கு இந்தக் கதை புதிதில்லை.

அப்புறம் மழை. வீடுகள் எல்லாம் மண் சுவர், தட்டை மண் கூரை. கூரை ஓரத்தில் விறகு அடுக்கி வைத்திருப்பார்கள். மழையே பெய்யாத ஊருக்குக் கட்டிய வீடு அது. 2023 ஆகஸ்ட் 13-ல் காக்பேனிக்கு மேலே பெய்த மழையில் ஓடை சேறும் கல்லுமாகப் பொங்கி வந்து வீடுகளையும் பாலத்தையும் அடித்துக்கொண்டு போனது. காக்பேனி என்றால் நம்மவர்கள் பித்ருக்களுக்குப் பிண்டம் வைக்கும் சங்கமம். அதே இடம்.

முக்திநாத் சன்னதிக்கு வருவோம். உயரம் 3,710 மீட்டர். கோவிலுக்குப் பின்னால் அரைவட்டமாக 108 தாரைகள், காளைமுகம் வழியாகத் தண்ணீர் கொட்டும். முன்னால் இரண்டு குண்டங்கள். கொஞ்சம் கீழே ஜ்வாலா மாயி சன்னதியில், பாறை இடுக்கில் கசியும் வாயு சின்ன நீலச் சுடராக எரிகிறது. பக்கத்திலேயே நீர் ஓடும் சத்தமும் கேட்கும். சுற்றி வாழும் ஜனங்கள் பெரும்பாலும் பௌத்தர்கள். அவர்களுக்கு இது சுமிக் கியாட்சா, நூற்றுச் சொச்சம் ஊற்றுகள் இருக்கும் இடம். குரு பத்மசம்பவர் தவம் செய்த இடம் என்று நம்புகிறார்கள். பெருமாள் சன்னதியிலும் சுடர் சன்னதியிலும் சேவை செய்கிறவர்கள் பௌத்தப் பிக்குணிகள். நமக்கு நாராயணன், அவர்களுக்கு போதிசத்துவர், விக்கிரகம் ஒன்று. அடுக்களை அக்காவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ வருஷம் பூரா பனியில பெருமாளுக்கு விளக்குப் போடுறது அந்தப் பொண்ணுங்கதானா?" என்றார். ஆமாம்.

வருஷம் முழுக்க வரும் யாத்திரிகர்கள் ஊர் ஜனத்தைப் போலப் பல மடங்கு. 2008 வாக்கில் ரோடு வந்த பிறகு, முன்பு நாள்கணக்கில் நடந்தவர்கள் ஜீப்பில் ராணிபௌவா வரை ஏறி, சேவித்துவிட்டு அன்றே இறங்குகிறார்கள். போக்ரா 800 மீட்டர் சொச்சம், முக்திநாத் 3,710. வயதானவர்களுக்கு அந்த அவசரம் ஆபத்து. ஜோம்சோமிலோ காக்பேனியிலோ ஓர் இரவு தங்கிப் போவதாகத்தான் நம் திட்டம். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் அந்தக் காசு ஊர்க்காரர் கையில் போகும்.

அக்கா கடைசியாக ஒன்று கேட்டார். "108 தண்ணியிலயும் குளிச்சுட்டு வர்றோமே, அந்தத் தண்ணி எங்க போகுது?"

கீழேதான் போகிறது. பள்ளத்தாக்கில் இறங்கி, கிராமங்களையும் பார்லி வயல்களையும் தாண்டி, காக்பேனியில் காளி கண்டகியில் சேர்கிறது. அதனால் யாத்திரை குழுவுக்கு அனுப்பிய சாமான் பட்டியலில் ஒரு திருத்தம்: சோப்பு, ஷாம்பு பாக்கெட், பூ கட்டின பிளாஸ்டிக் பை, இது மூன்றும் பையில் வேண்டாம். கம்பளித் தொப்பியும் கையுறையும் கட்டாயம். பெயர் கொடுக்காதவர்கள் வரும் சனிக்கிழமை பூஜைக்குப் பிறகு கவுண்டரில் வந்து கொடுங்கள்.