யானை ஆடக் கண்ட சிறுவன்: கதை, திரைப்படம், சிறுவர் நூல்

1. முன்னுரை

இலக்கியப் படைப்பு திரைப்படமாவது குறித்து ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். திரைப்படம் மீண்டும் சிறுவர் நூலாகும் நிலை அத்துணை கவனம் பெறவில்லை. இவ்விரு பெயர்ச்சிகளுக்கும் உள்ளான கதையொன்று மைசூரோடு தொடர்புடையது. ரட்யார்டு கிப்ளிங் எழுதிய 'யானைகளின் டூமாய்' என்னும் சிறுகதை 1893இல் இதழில் வெளிவந்து, 1894இல் 'ஜங்கிள் புக்' தொகுப்பில் இடம்பெற்றது. அதைத் தழுவிய 'எலிபெண்ட் பாய்' (யானைச் சிறுவன்) என்னும் ஆங்கிலத் திரைப்படம் 1937இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் 'சாபு, யானைச் சிறுவன்' என்ற சிறுவர் நூலும் வந்தது. இப்பெயர்ச்சிகளில் ஒரு மரபுத்தொடரும் ஒரு பெயரும் அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. களமும் மாந்தரும்

கிப்ளிங்கின் கதை வடகிழக்கே காரோ மலைப்பகுதியில் நிகழ்கிறது. யானை பிடிக்கும் பணிக்குத் தலைவராக அதில் வரும் பீட்டர்சன் துரைக்கு முன்மாதிரி ஜி. பி. சாண்டர்சன் என்பர். மைசூர் நாட்டில் காட்டு யானைகளைக் கூட்டமாக வளைத்துப் பிடிக்கும் கெட்டா முறையை 1874இல் வெற்றியுடன் நடத்தியவர் அவர்.

இயக்குநர் ராபர்ட் பிளாஹெர்ட்டி 1935இல் படமெடுக்க மைசூருக்கு வந்தார். அப்போது நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி நடைபெற்றது. காரோ மலையின் இடத்தைக் கபினி ஆற்றை அடுத்த காராப்பூர்க் காடு பெற்றது. கதையில் வரும் காலா நாக் என்னும் யானையாக அரண்மனை யானை ஐராவதா தோன்றியது. டூமாயாக நடித்தவன் 1924இல் காராப்பூரில் பிறந்த பாகன் மகன் சாபு. எஞ்சிய காட்சிகள் சோல்டன் கோர்டாவின் இயக்கத்தில் இங்கிலாந்தின் டென்ஹாம் படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கப்பட்டன. 1937ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் இவ்விருவரும் சிறந்த இயக்கத்திற்கான பரிசைப் பெற்றனர்.

3. கதையில் மரபுத்தொடர்

பத்து வயதுச் சிறுவன் டூமாய், யானை பிடிக்கும் வளைப்புக்குள் தானும் செல்ல விரும்புகிறான். யானைகள் ஆடுவதைக் கண்டபின் செல்லலாம் என்று பீட்டர்சன் துரை விடை கூறுகிறார். சூழ நின்றோர் நகைக்கின்றனர். யானை பிடிப்போரிடையே வழங்கும் பழைய வேடிக்கைப் பேச்சு அது. 'ஒருநாளும் நடவாது' என்பதே அதன் பொருள். இவ்விளக்கத்தைக் கதைசொல்லியே வாசகர்க்குத் தருகிறார். அன்றிரவே காலா நாக் தளையை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் செல்கிறது. அதன் மேலிருந்த சிறுவன் யானைகள் கூடி ஆடுவதைக் காண்கிறான். 'ஒருநாளும்' என்று பொருள்பட்ட தொடர் சொல்லுக்குச் சொல் உண்மையாகிவிடுகிறது. கதையின் கட்டுக்கோப்பு முழுவதும் இந்த ஒரு தொடரின் மேல் நிற்கிறது எனலாம்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கே ஒரு தடை எழுகிறது. வேற்றுமொழி மரபுத்தொடருக்கு ஈடாகத் தன் மொழித் தொடரை இடுவது பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. 'ஒருநாளும் நடவாது' என்பதற்குத் தமிழில் 'அத்தைக்கு மீசை முளைத்தால்' என்ற தொடர் உண்டு. அரிதினும் அரிதானதைக் 'குதிரைக் கொம்பு' என்பர். ஆனால் இவற்றுள் ஒன்றை இங்கு இட்டால் கதை முறிந்துவிடும். பின்னர்க் காட்டில் ஆடவேண்டியது யானையே அன்றோ? எனவே தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, அதன் வழக்குப் பொருளைக் கதைசொல்லியின் வாய்மொழியாகவே விளக்குதல் இன்றியமையாததாகிறது.

4. திரைப்படத்தில் நேர்ந்த மாற்றம்

கதைசொல்லியின் குரலே திரைப்படத்தில் முதலில் இழக்கப்படுகிறது. காலா நாக் அரசுப் பணியில் கழித்த 47 ஆண்டுகள், அபிசீனியப் படையெடுப்பில் அதன் பங்கு, மோல்மேனில் தேக்கு இழுத்த காலம் ஆகியவற்றைக் கிப்ளிங் தொடக்கத்திலேயே விரித்துரைக்கிறார். ஒரு விலங்கின் நினைவை இவ்வாறு உரைப்பது எழுத்துக்கு எளிது. ஒளிப்படக் கருவிக்கு அரிது. படம் இதனைக் கைவிட்டு, சாபுவே பார்வையாளரை நோக்கிப் பேசும் முன்னுரையுடன் தொடங்குகிறது. பாத்திரமே கதைசொல்லியாகிவிடுகிறது.

இரண்டாவது மாற்றம் நிகழ்ச்சிகளைப் பற்றியது. கதையில் டூமாயின் தந்தை இறுதிவரை உயிருடன் இருக்கிறார். படத்தில் அவரைப் புலி கொன்றுவிடுகிறது. யானையைத் துன்புறுத்தும் புதிய பாகன் ஒருவன் வருகிறான். யானை அவனைக் காயப்படுத்துகிறது. அதன் உயிரைக் காக்கச் சிறுவன் அதனுடன் காட்டுக்கு ஓடுகிறான். இவை யாவும் கதையில் இல்லை.

மூன்றாவது மாற்றமே மரபுத்தொடரைத் தாக்குகிறது. யானை ஆடுவதைப் பற்றிய கேலி படத்திலும் உண்டு. ஆயினும் கதையில் யானை பிடிக்கும் பருவம் முடிந்தபின் ஆட்டம் நிகழ்கிறது. அதனால் எவர்க்கும் ஆதாயம் இல்லை. சிறுவன் பெறும் சிறப்பு, காணவியலாததைக் கண்டமைக்கு உரியது. படத்திலோ காட்டு யானைக் கூட்டம் அகப்படாமல் வேட்டைக் குழுவினர் தவிக்கின்றனர். கூட்டம் இருக்கும் இடத்தைச் சிறுவனே கண்டறிகிறான். அவன் கண்ட காட்சி, குழுவுக்குப் பயன்படும் செய்தியாக மாறுகிறது. 'ஒருநாளும் நடவாது' என்ற சொல் மெய்யான வியப்பு பின்னுக்குப் போய், வேட்டையின் வெற்றி முன்னுக்கு வருகிறது.

5. சிறுவர் நூலும் பெயரும்

இயக்குநரின் மனைவி பிரான்சிஸ் பிளாஹெர்ட்டி 1937இல் இரு நூல்களை வெளியிட்டார். மைசூர் வாழ்க்கையைக் கூறும் 'யானை ஆட்டம்' ஒன்று; அர்சுலா லீக்காக்குடன் இணைந்து எழுதிய 'சாபு, யானைச் சிறுவன்' மற்றொன்று. மூன்று தலைப்புகளையும் வரிசையில் வைத்து நோக்குதல் தகும். கதையின் தலைப்பில் பாத்திரத்தின் பெயர் உள்ளது. படத்தின் தலைப்பில் பெயரே இல்லை. 'யானைச் சிறுவன்' என்ற பொதுச்சொல் மட்டும் நிற்கிறது. சிறுவர் நூலின் தலைப்பில் அப்பொதுச்சொல்லுக்கு முன் நடிகனின் பெயர் வந்து அமர்கிறது. டூமாய் மறைந்து சாபு எஞ்சுகிறான். சாபுவும் தந்தையை இழந்த சிறுவனே ஆதலின், தந்தை இறக்கும் படக்கதை அவன் வாழ்வோடு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. சிறுவர் நூலின் வாசகர்க்குப் புனைவும் வரலாறும் ஒரே பெயரின்கீழ் வந்து சேர்கின்றன.

பின்னாளிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. கிப்ளிங்கின் மோக்லி கதைகளில் மலைப்பாம்பு கா, சிறுவனைக் குரங்குகளிடமிருந்து மீட்க உதவும் துணை. வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் 1967ஆம் ஆண்டுப் படத்தில் அது அவனை விழுங்க முயலும் பகை. அப்படத்தை ஒட்டி எழுந்த சிறுவர் நூல்களைப் படித்து வளர்ந்தோர்க்கு, மூலநூலின் காவே பிழைபட்டதாகத் தோன்றக்கூடும்.

6. முடிவுரை

இக்கதையைத் தமிழில் தர முனைவோர், தாம் பெயர்ப்பது கதையையா, படத்தையா, படவழி வந்த நூலையா என முதலில் தெளிதல் வேண்டும். நாயகனின் பெயர் முதல் மரபுத்தொடர் வரை ஒவ்வொரு முடிவும் இதைச் சார்ந்தது. பெயரை ஒலிபெயர்க்கும்போதும் கவனம் வேண்டும். 'தூமை' என எழுதின் தமிழில் மாதவிலக்கைக் குறிக்கும் சொல்லாகிவிடும் என்பதால் 'டூமாய்' என்ற வடிவமே தக்கது. பாகன், மாவுத்தன், கந்து, தளை என யானை சார்ந்த சொற்கள் தமிழில் குறைவின்றி உள்ளன. கிப்ளிங்கின் இந்துஸ்தானிச் சொற்களை எல்லாம் அப்படியே வைத்திருக்கத் தேவையில்லை.

மைசூர்க் காடுகளின் கடைசிக் கெட்டா 1971இல் காக்கனகோட்டையில் நடைபெற்றது. பின்னர்க் கபினி அணையின் நீர்த்தேக்கம் அப்பகுதியின் பெரும்பகுதியை மூடிவிட்டது. அத்தொழிலோடு அதன் பேச்சு வழக்கும் மறைந்துவரும் நிலையில், யானை பிடிப்போரின் வேடிக்கைத் தொடர் ஒன்றைத் தன் உயிர்நாடியாகக் கொண்ட கதை, சொல்வழக்குகளைப் பேணும் கலமாகவும் அமைகிறது. படத்தையோ படவழி நூலையோ மட்டும் பெயர்த்துத் தந்தால், தமிழ்ச் சிறுவர் யானையைக் காண்பர். 'யானை ஆடினால்' என்று கூறி நகைத்தோரின் மொழியைக் கேளார். அதனைக் கேட்கச் செய்வதே மொழிபெயர்ப்பாளரின் கடமை.